வாண்டு செய்த ஆக்டோபஸ்

அந்த மழலையர் பள்ளிச் சுவரில் தொங்குவதெல்லாம் குழந்தைகள் செய்தவை என்றுதான் எழுதியிருக்கும். எழுதியவளும் டீச்சர், செய்தவளும் டீச்சர். குழந்தைகள் பசை அப்பிய கையோடு வீட்டுக்குப் போன பிறகு, கோணல் மீன்களும் கண்ணில்லாத நண்டுகளும் குப்பைக்குப் போகும். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புதிதாக வெட்டி ஒட்டுவாள். பெற்றோர் வரும் நாளில் சுவர் லட்சணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் தலைமை ஆசிரியைக்கு. இதில் என்ன பாவம் வந்தது என்று டீச்சரும் நினைத்ததே இல்லை.

வாண்டு விஷயத்திலாவது யோசித்திருக்கலாம். காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அந்தப் பெண்ணின் வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அம்மாக்காரி தினமும் எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள், ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அந்தக் கை என்றைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும்? வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் அதே மூச்சு, அதே பேச்சு. பெற்றோர் வரும் நாளுக்கு முந்தின நாள் வாண்டு காகிதத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடது கையால் கிழித்துக் கிழித்து, ஐந்து கை வைத்த ஓர் ஆக்டோபஸைச் செய்து முடித்திருந்தாள். ஒரே எச்சில். பிள்ளையைப் பார்த்து நாலு பேர் உச்சுக்கொட்டக் கூடாதே என்று டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. அதைக் கசக்கிப் போட்டாள். அம்மா வரத் தாமதமானதால் வாண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, எட்டுக் கையும் சுருள் சுருளாக ஓர் ஊதா ஆக்டோபஸ் செய்து அவள் பெயரை ஒட்டினாள்.

மறுநாள் அம்மா அதன் முன்னால் நின்றவள் நின்றவள்தான். சுருள்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"பாருங்க, நம்ம பொண்ணு வெட்டினது. கை வந்துடுச்சுங்க."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே. வாயைத் திறந்தவளைப் பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியை கண்ணாலேயே அடக்கினாள். குழந்தை நன்றாக முயற்சி செய்கிறாள் என்று எதையோ உளறிவைத்தாள் டீச்சர். அதற்கு வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம், சனியன்.

அம்மா மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, மகளின் வலது கை விரல்களில் வளையத்தை மெல்ல நுழைத்தாள். போனைத் தாழ்த்திப் பிடித்து, அப்பாவுக்கு ஒரே ஒரு வெட்டு வெட்டிக் காட்டச் சொன்னாள். வாண்டு தன் கையையே பார்த்தாள். கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து, இடது கையால் எடுத்து, டீச்சரிடம் நீட்டினாள்.

"நீங்களே வெட்டுங்க டீச்சர். நேத்து மாதிரி."

அம்மாவுக்குப் புரிய நேரமாகவில்லை.

"அப்போ இவ செஞ்சது எங்க?"

வாண்டுதான் பதில் சொன்னாள், வருத்தமே இல்லாமல். அது எச்சிலாம், அசிங்கமாம், டீச்சர் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது டீச்சருக்கு.

போனுக்குள் அப்பா, கை தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் கீழே காட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டாள்.