கம்பளிக் கோட்டு

சித்திரை மாதத்து உச்சி வெயில். ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தலுக்குக் கீழே இருந்தவர்களுக்கே முதுகில் வேர்வை ஓடியது. அந்த வெயிலில் கறுப்புக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றான் திருப்பதி. போடிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவன். ஊர்ப் பெரிய ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு நடுச் சமுக்காளத்தில் இடம் விட்டார்கள். பந்தியில் பாயசம் வந்தபோது இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து, போதும் என்று தலையை ஆட்டினான்.

எதிர்வரிசையில் உட்கார்ந்து மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்த வீரணனுக்கு அந்தப் 'போதும்' நெஞ்சில் தைத்துவிட்டது. அடடா, வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும், பாயசத்தையே வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு நிறைந்து போகவேண்டும் என்று நினைத்தான்.

இத்தனைக்கும் திருப்பதி அந்நியனில்லை, சகலைதான். அக்காள் பாண்டியம்மாளை அவன் கட்டினான், தங்கச்சி மூக்கம்மாளை இவன் கட்டினான். சிலமலையில் இவனுக்கு வற்றாத கிணறு ஒன்றும் அதைச் சுற்றித் தோட்டமும் வீடும் இருந்தன. விடிந்ததும் மாடுகளைப் பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைப்பான். மூக்கம்மாள் மடை மாற்றுவாள். வெயில் ஏறியதும் வாய்க்கால் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கேப்பைக் களியும் வெங்காயமும் தின்பார்கள். அவள் ஊர்க்கதை எதையாவது ஆரம்பித்து, கதை முடியுமுன்னே தானே சிரித்துவிடுவாள். இதுதான் சந்தோசம் என்று அந்த மனுசனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பந்தியில் அடுத்தவன் இலையைப் பார்த்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

திரும்பி வரும் வழியெல்லாம் கோட்டுப் புராணம்தான். மச்சான் முகம் வெளுத்துப்போய்க் கிடந்ததே என்று மூக்கம்மாள் சொல்லிப் பார்த்தாள். வெயிலில் வேகாத முகம் அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தான்.

ஆனி பிறந்ததும் மலையேறிப் போய், விளையாட்டுப்போலப் பேச்சை எடுத்தான். "அண்ணே, என் கெணத்தை நீங்க எடுத்துக்கோங்க, ஒங்க தோட்டத்தை எனக்குக் குடுங்க." திருப்பதி, கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று மட்டும் கேட்டான். பிறகு சரி என்றான். இவ்வளவு சுளுவாகச் சிக்கிக்கொண்டானே என்று வீரணனுக்கு உள்ளுக்குள்ளே ஒரே கும்மாளம்.

மூக்கம்மாள் இரண்டு நாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கு இந்தக் கெணறு போதும். ஒங்களுக்கு இங்க என்ன கொறஞ்சு போச்சு? அதை மட்டும் சொல்லுங்க, வாயைப் பொத்திக்கிட்டு வர்றேன்."

அவனுக்குக் கோபம்தான் வந்தது. "நீ கஞ்சிக்கும் போதும்பே, கழனித்தண்ணிக்கும் போதும்பே" என்றான். அவள் சட்டி பானையைக் கட்ட உள்ளே போனாள்.

போடியில் வைத்துப் பத்திரம் எழுதி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். பிரியும்போது திருப்பதி இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தோட்டத்துக்குள்ள நிக்கிற பெரிய மரங்களை மட்டும் தொட்ராத. ஏலம் நெழல்ல பொழைக்கிற செடி" என்றான். வீரணன் தலையை ஆட்டிவைத்தான்.

மலை முதலில் பாடாய்ப் படுத்தியது. அட்டைக்கடி, ஓயாத சாரல், கண்ணைக் கரிக்கிற புகை. ஆனாலும் மூக்கம்மாள் குடிசை ஓரத்தில் அவரை ஊன்றினாள். காய்ப்பறிப்புக்கு வந்த பெண்களோடு மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் பேசக் கற்றாள். கார்த்திகைக்குள் பழையபடி கதை சொல்லிச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். காய் வாங்க வந்த போடி வியாபாரி முகைதீன் பிச்சை, உலர்ந்த காயைக் கையில் அள்ளிப் பார்த்து, நிறம் நன்றாக நிற்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வீரணனுக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. கோட்டுப் போட்டவனிடம் பார்த்த அந்த நிறைவு தன்னிடம் இன்னும் வந்து சேரவில்லையே என்று குடிசை வாசலில் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து யோசித்து, அதை மறித்துக்கொண்டு நிற்பது மரங்கள்தான் என்று முடிவு கட்டினான்.

அவன் பிறவிச் சம்சாரி, வெள்ளாமை செய்தே வளர்ந்தவன். வரப்போரத்து வேம்பு சோளத்தின்மேல் நிழல் போட்டால் அன்றைக்கே ஏறிக் கிளையைக் கழிக்கிறவன். நிழல் விழுந்த கதிர் பால் பிடிக்காது என்பது அவன் கைக்கே தெரியும். அப்படியிருக்க, மரத்தைத் தொடாதே என்று திருப்பதி ஏன் கையைப் பிடித்துச் சொன்னான்? சகலை தலையெடுத்துவிடக் கூடாது, வேறென்ன! மச்சான் பொய் சொல்லமாட்டார் என்று மூக்கம்மாள் கெஞ்சினாள். "ஒன் மச்சான் என் கெணத்துல குளிச்சுக்கிட்டு என்னை நெனச்சுச் சிரிக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தான்.

தை மாதம் பதினோரு மரங்களைச் சாய்த்தான். தோட்டத்துக்குள் வெயில் கொட்டியது. செடிகள் பளபளவென்று நின்றன. பதினைந்து நாள் வீரணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். பாவி, அந்தப் பதினைந்து நாள் அவன் உண்மையாகவே சந்தோசமாக இருந்தான்.

மாசியில் இலை நுனிகள் மஞ்சளாயின. பங்குனியில் செடிகள் அடியோடு காய்ந்து, தொட்டால் நொறுங்கின. ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினான். பதினோரு மரம் பார்த்த சோலியைக் குடம் பார்க்குமா? சுமந்துகொண்டிருந்தபோதே ஒரு மத்தியானம் உடம்பு தூக்கிப்போட்டது. பல் கிட்டியது. மூக்கம்மாள் வீட்டிலிருந்த சாக்கையெல்லாம் அவன்மேல் போட்டு, நடுங்குகிறவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். மலைக்காய்ச்சல்.

சித்திரையில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினான். சிலமலையை விட்டால் போக்கிடம் ஏது? திருப்பதி இப்போது கறுத்து, சதை போட்டு, வெற்று மேலோடு வரப்பில் நின்றான். கமலை இறைக்க ஆள் வேண்டும், இருந்துகொள் என்றான். வீரணன் தன் கிணற்றில் கூலிக்கு மாடு ஓட்டினான். மூக்கம்மாள் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தயங்கி நின்று, "அக்கா, ரெண்டு கொத்து முருங்கைக்கீரை ஒடிச்சுக்கவா?" என்று கேட்டாள். அவள் கையால் வைத்த மரம் அது. பாண்டியம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமலே ஒடித்துக்கொள்ளச் சொன்னாள்.

நாலாம் நாள் கமலையடியிலேயே வீரணனுக்குக் குளிர் கண்டது. திருப்பதி வீட்டுக்குள் போய் அந்தக் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டான்.

"போட்டுக்க தம்பி. மலையில நாலு வருசம் இது இல்லாம எனக்குப் பகல் கழிஞ்சதில்லை."

வீரணன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப அந்தக் கல்யாணத்துல?"

"காய்ச்சல்தான். வாயெல்லாம் கசப்பு. பாயசத்தைப் பாத்தாலே கொமட்டுச்சு. ஒன்னையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு தடவை வாங்கிக் குடிச்ச."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா கெணத்தைக் குடுத்திருப்பியா?" என்றான் திருப்பதி. கேட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினான்.

கொஞ்சநேரத்தில் மூக்கம்மாள் களி கொண்டுவந்தாள். வீரணன் ஒரு வாய் வைத்தான். கசந்தது. கலயத்துக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து, போதும் என்றான்.

தோட்டத்தை ஒட்டிய பாதையில் மலைவேலைக்குப் போகிற இளவட்டங்கள் இரண்டு பேர் நின்றார்கள். மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ஆளாம் என்று ஒருவன் சொன்னான். அடுத்தவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பாட்டையே வேணாங்கிறாரு, பாத்தியா? நெறைஞ்ச மனுசன்டா."

அது மூக்கம்மாள் காதில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கலயத்தை எடுத்துக்கொண்டு, கீரை ஒடிக்க அக்காள் வீட்டுக் கொல்லைக்குப் போனாள்.