ஃபோர்மேன் எழுதிக் கொடுத்தது

பேராசிரியர் திரையில் கடைசி வரைபடத்தைப் போட்டதும் மேலாளர் கை தட்டினார். அவர் தட்டினால் மற்றவர்களும் தட்டியாக வேண்டும். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியும் தட்டினாள். இரண்டு வருடமாகக் கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடையாய் நடந்தவள் அவள்தான். அங்கே பேசுவது இங்கே புரியாது, இங்கே கேட்பது அங்கே எடுபடாது. இரு பக்கமும் பேச்சு வாங்கி வாங்கி, இப்போதெல்லாம் சந்தோஷப்படக்கூடச் சோம்பலாக இருந்தது.

கண்டுபிடிப்பு இதுதான்: பம்புகளுக்குப் போகும் ரப்பர் வளையங்கள் குளிரில் வெடிக்காமல் இருக்க, அடுப்பில் இன்னும் நாற்பது நிமிடம் வேக வேண்டும்.

அது அவளுக்கு முதல் மாதமே தெரியும். சோதனைக்கு வந்த ஆராய்ச்சி மாணவி கேண்டீனில் சொல்லியிருந்தாள்: “அக்கா, காரணத்தை உங்க அடுப்புப் பிரிவு ஃபோர்மேனே சொல்லிட்டார். நான் அளந்து பாக்க வேண்டியதுதான் பாக்கி.”

அதற்கும் முன்பே, நான்கு வருடத்துக்கு முன், ஃபோர்மேன் அதை ஆலோசனைப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு ஈடு உற்பத்தி குறையுமே என்று பயந்து, ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதித் தள்ளிவிட்டவள் இந்த அதிகாரிதான்.

“நன்றி சொல்லி முடிச்சிடுங்க” என்றார் மேலாளர் அவளிடம்.

எழுந்தாள். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

“இதை நம்ம ஃபோர்மேன் நாலு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்தார் சார். வேணாம்னு சொன்னது நான்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவி குனிந்துகொண்டாள். மேலாளர் குரலை உயர்த்தாமல், “இது கூட்டக் குறிப்புல வர வேணாம்” என்றார். பிறகு எல்லோரும் போட்டோவுக்கு எழுந்தார்கள். கடைசி வரிசையில் ஃபோர்மேனுக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அவள் தேடிப் போனபோது, அடுப்பின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அவர். மடியில் ஒரு வெள்ளைத் தாள்.

“என்னை எதுக்கும்மா இழுத்துவிட்டீங்க?” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அதுக்குள்ள ஆள் அனுப்பிட்டாங்க. தெரிஞ்சும் நாலு வருஷமா ஏன் கெட்ட சரக்கை அனுப்பினேன்னு எழுதித் தரணுமாம்.”

“நான் எழுதறேன். தப்பு என்னுது.”

“எழுதுவீங்க. ஆதாரம் கேப்பாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. “உங்க படிவம் எங்கிட்ட இருக்கு. என் கையெழுத்தோட.”

முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “கிழிச்சுப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“ரெண்டு தடவ எடுத்தேன். மனசு வரல.”

அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கையுறையைக் கழற்றி, தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். அடுப்பின் அனலில் தாளின் ஓரம் சுருண்டு எழும்பியது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் வரியை மேலாளருக்கு எழுதுவதா, பக்கத்தில் இருப்பவருக்கு எழுதுவதா என்று யோசித்தாள்.