பழைய புருஷன் செய்த தோட்டா

விவாகரத்தில் துப்பாக்கி எனக்கு வந்தது. அதற்குத் தோட்டா செய்கிற அச்சுகள் புருஷன் ஆர்லோவுக்குப் போயின. நீதிபதிக்கு வேட்டை தெரியாது. சரிபாதியாகப் பிரித்துவிட்டோம் என்ற திருப்தியில் சாப்பிடப் போய்விட்டார். நூறு வருஷத்துக்கு முந்தைய நியூட்டன் கம்பெனித் துப்பாக்கி அது. அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடையாது. வேறு ரகத் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கி, நீளத்தை வெட்டி, நாமே செய்துகொண்டால்தான் உண்டு.

ஆக, நான் அதை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் பார்த்து குலுக்கலில் எனக்கு மூஸ் மான் உரிமம் விழுந்தது. எங்கள் மொன்டானா மாநிலத்தில் அதற்கு விண்ணப்பம் போட்டுப் போட்டே செத்துப்போனவர்கள் உண்டு. வேறு துப்பாக்கி எடுத்துப் போ என்று ஊரே புத்தி சொன்னது. முடியாது என்றேன். அந்தக் கல்யாணத்தில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை வைத்து ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டுமே.

அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடாதே என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வெடிப்பது கன்னத்துக்குப் பக்கத்தில் அல்லவா? ஆர்லோவிடம் கேட்கப் போகிறேன் என்றதும் வெடிமருந்துக் கடை டெல்மார் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பழைய புருஷன் அடைச்சதையா சுடப்போற? உயில் எழுதிட்டியா வெர்னா?"

"எழுதிட்டேன். உனக்கு ஒண்ணுமில்ல."

ஆர்லோ வாயைத் திறந்தால் பொய். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வான். கையும் களவுமாகப் பிடித்தாலும் அசரமாட்டான். ஆனால் தோட்டா வேலையில் கெட்டிக்காரன். இல்லை என்றால் என் நாக்கு அழுகிவிடும். கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வேட்டைக்காலம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. வெள்ளிக்கிழமை அவன் கொட்டகைக்குப் போனேன். மேஜையில் கூடுகள் தங்கம் போல மின்னின. மருந்து அடைப்பதுதான் பாக்கி. ஆர்லோ என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"வெர்னா, இதெல்லாம் வேணாம்."

"ஏன்யா? பளபளன்னு இருக்கே."

"கழுத்தைச் சூடு பண்றப்ப ஒரு போன் வந்துச்சு. பேசிட்டே தீ காட்டிட்டேன். தட்டுல தண்ணி இருந்துச்சா, வத்திப்போச்சான்னு... எனக்கு ஞாபகம் இல்ல."

கழுத்து இளகினால்தான் முறியாமல் நெருங்கும். அதனால் கூடுகளைத் தண்ணீரில் நிற்கவைத்து மேலே மட்டும் தீ காட்டுவார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் சூடு அடிவரை இறங்கும். அடி இளகிய கூடு சுடும்போது பின்பக்கம் கிழியும். பின்பக்கம் இருப்பது என் மூஞ்சி.

"நிறத்தைப் பார்த்தா தெரியாதா?"

"மெருகு போட்டுட்டேனே. நிறமெல்லாம் போச்சு. நல்லாவும் இருக்கலாம், எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியல! பதினெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? அவன் குறடை எடுத்து ஒவ்வொரு கூட்டின் வாயையும் நசுக்கி வாளியில் போட்டான். ஒரு வார வேலை.

"சனியனே, நாளன்னிக்கு சீசன் முடியுது!"

"நாளைக்கு ஆறு பண்ணலாம். நீ கூட உக்காரு. தண்ணிய நீ பாத்துக்க."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். தட்டில் தண்ணீர் ஒரு விரல் குறைந்தாலும் ஊற்றினேன். ஆறு தோட்டா முடிந்ததும் சுட்டுப் பார்க்கச் சரளைக்கல் பள்ளத்துக்குப் போனோம். அவன் துப்பாக்கிக்குக் கையை நீட்டினான்.

"குடு. முதல் தோட்டா நான் சுடறேன்."

"எதுக்கு?"

"தப்பா இருந்தா என் மூஞ்சியோட போகட்டும். அதைப் பார்த்து யாரும் அழப்போறதில்ல."

கொடுத்தேன். சுட்டான். கூட்டை எடுத்து அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது, கீறல் இல்லை. அடுத்த இரண்டையும் குறி சரிபார்க்க நானே சுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், ஓடைப் புதருக்குள் மான் நின்றது. துப்பாக்கியில் கன்னத்தை வைத்தேன். ஆச்சரியம், பயமே இல்லை. ஒரே தோட்டா. நாலு எட்டு நடந்து விழுந்தது. போனுக்கு அங்கே சிக்னல் கிடைத்தது பெரிய விஷயம்.

"மூஞ்சி முழுசா இருக்கா?" என்றான் ஆர்லோ, எடுத்ததும்.

"இருக்கு. மானும் விழுந்துடுச்சு."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கத்தியை உருவினேன். அவன் இன்னும் போனை வைக்கவில்லை.

"வெர்னா, அந்தக் கோடைல மீன் பிடிக்கப் போறேன்னு போனேனே... நான் மீன் பிடிக்கப் போகல."

ஊருக்கே தெரிந்த விஷயம். அவன் போய்த் தங்கிய பெண்ணின் பெயர், அவள் வீட்டுக் கதவின் நிறம் வரை எனக்குத் தெரியும். ஆனாலும் மானுக்குப் பக்கத்திலேயே பனியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எனக்குச் சேதி வேண்டியிருக்கவில்லை. அவன் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது. மானை இழுக்கச் சங்கிலி வேணும். எடுத்துட்டு வா."