நான்காம் சதுரம்

கரும்பாறைகளின் மேல் வெள்ளைப் பெயிண்டால் இவெட் ஆறு சதுரங்கள் போட்டு ஐந்து மாதமாகியிருந்தது. தீவின் தலைநகரான போர்ட் லூயியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக உள்வாங்கும் நாளில், பஸ்ஸில் மாயெபூர் வந்து, தெற்கே அரை மணி நடந்து, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை ஒற்றை ஓட்டுச் சிப்பி ஒட்டியிருக்கிறது, பாசி எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவாள்.

நான்காம் சதுரம்தான் படுத்தியது. முதல் மாதம் முப்பத்தெட்டுச் சிப்பி. ஐந்தாம் மாதம் இரண்டே இரண்டு. பாறையே தெரியாமல் பச்சைப் பாசி. மற்ற ஐந்திலும் பெரிய மாற்றமில்லை.

"வேற பாறையப் பாத்துட்டு வந்திருக்கீங்க, மாம்செல்," என்றார் மேலதிகாரி பெர்னார். "அடுத்த மாசமும் இப்படின்னா உங்களுக்குப் பதிலா ஜான்-க்ளோட அனுப்பிடறேன்."

இவெட்டுக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை முதல் நாளே வந்து மாயெபூரில் சித்தி வீட்டில் தங்கினாள். விடியும்போதே கரைக்குப் போய்விட்டாள். நான்காம் சதுரத்துக்குள் குந்தியிருந்த ஒரு பெண், புதிதாக வந்து ஒட்டியிருந்த சிப்பிகளைச் சிறு கத்தியால் நெம்பிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மதாம்! அது ஆராய்ச்சிக்குப் போட்ட அடையாளம்!"

"பெயிண்ட நான் தொடலையே," என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் பியெரெட்; சிப்பியும் கணவாயும் பிடித்துச் சந்தையில் விற்பவள். "சிப்பியத்தான் எடுக்கிறேன்."

"இங்க மட்டும் ஏன்?"

"நான் இறங்குற பக்கம் அரை இருட்டுல இந்த வெள்ளக் கோடுதான் கண்ணுக்குத் தெரியுது. அத வச்சுத்தான் கால வைக்கிறேன்."

இவெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சிப்பிகள் பாசியை மேய்கின்றன. சிப்பி போனதும் பாசி தழைத்திருக்கிறது. பியெரெட்டை இழுத்து வந்ததோ தான் போட்ட கோடேதான்.

"எடுத்துக்குங்க. ஆனா ஒப்பிட்டுப் பாக்கணும், பக்கத்துல இருக்கிற அஞ்சாவதத் தொட்டுடாதீங்க. எத்தன எடுக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தாள். பெர்னார் இரண்டு தடவை படித்தார். "விரட்டியிருக்கலாமே?" என்றார். பிறகு, "சரி, தொடர்ந்து எழுதுங்க," என்று தாளைத் திருப்பித் தந்தார். ஜான்-க்ளோட் பேச்சு அதோடு போயிற்று.

மறுமாதம் பியெரெட் முழங்காலில் கட்டுடன் நின்றாள். "ஒங்க பாசி வழுக்கி விட்டுடுச்சு, மாம்செல். இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்."

இவெட் மன்னிப்புக் கேட்டாள். அன்றைய தேதியைக் குறித்து, 'எடுப்பது நின்றது' என்று எழுதிவிட்டு, ஐந்தாம் சதுரத்துக்குப் போனாள்.