டாங்கிக்கு எடுத்த அளவு

டெய்லருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் எடுக்கும் அளவு. நாடாவை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், இரண்டாம் முறை பார்ப்பதே கிடையாது. மற்றொன்று, அவருடைய மீசை. அது கடைக்குள் நுழைந்த பிறகுதான் அவர் நுழைவார். முதல் பெருமையில் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் அளவு சொல்ல, அவள்தான் நோட்டில் எழுதுகிறாள். அந்த நோட்டில் தப்பு வந்ததாகச் சரித்திரமே இல்லை. மீசைதான் அவளுக்கு ஆகாது.

"பால் குடிச்சா பாதியை அது குடிக்குது. அதை எடுங்களேன்" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். டெய்லர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் மாதிரி டாங்கி செய்கிறவர்கள் கூடுவார்கள். நிஜ டாங்கியின் அளவை முப்பத்தைந்தால் வகுத்து, உள்ளங்கையில் உட்காரும்படி செய்வது அவர்கள் பொழுதுபோக்கு. பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, ஒரு வாரம் பேச மாட்டார்கள். மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரன், பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி ஒட்டுகிற கட்சி. டெய்லர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி எல்லாவற்றையும் தானே செய்கிறவர். ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"அத்தான், ஜாக்கெட் தைக்கிற கையில டாங்கி வருமா?" என்று மருந்துக்கடைக்காரன் ஒருநாள் சீண்டினான்.

"நான் ஒண்ணு செய்யறேன். நிஜ டாங்கியை வகுத்த அளவுல ஒரு மில்லிமீட்டர் பிசகட்டும், இந்த மீசையை இங்கேயே எடுத்துடறேன்!" என்றார் டெய்லர். வாய் முந்திக்கொண்டது. சபை கைதட்டியது. அடுத்த வாரம் மச்சான் தன் கடையிலிருந்து ஒரு புது ரேசரைக் கொண்டுவந்து, உறை பிரிக்காமல் மேஜைமேல் வைத்தான். அன்றிரவு முதல் டெய்லர் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் தூங்கினார்.

இந்தப் போட்டிக்கு நடுவர் சார்ஜெண்ட். டெய்லர் செய்யத் தேர்ந்தெடுத்த ரக டாங்கியை ராணுவத்தில் பதினெட்டு வருஷம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர், அதன் அளவுகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டெய்லர் நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளைக் கேக்கறீங்களா?" என்று அவர் முறைத்துவிட்டார்.

கையிலிருந்தது ஒரே ஒரு வரைபடப் புத்தகம். முன்தோற்றம் மாதிரியின் அதே அளவில் ஒரு பக்கத்தில் அழகாக அடங்கியிருந்தது. பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் ஒரு புண்ணியவான் இரண்டிரண்டு பக்கங்களில் பரப்பி அச்சடித்திருந்தான். டாங்கியின் நடு வயிற்றை பைண்டிங் விழுங்கிவிட்டது. அகலம் கிடைத்தது, நீளம் கிடைக்கவில்லை.

"பூங்கா வாசல்ல அந்த டாங்கிதானே நிக்குது? ஆள் இருக்கும்போது படம் எதுக்கு?" என்று நாடாவை எடுத்தார் டெய்லர். மனைவி நோட்டை எடுத்துக்கொண்டாள்.

டாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, ஏறி, தவழ்ந்து அளவெடுத்தார். நாடா அறுபது இஞ்ச்தான் என்பதால் நீளத்துக்கு அதை நான்கு தடவை வைக்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் பீரங்கிக் குழாயைக் "கை நீளம்" என்றே சொன்னார். பூங்காக் காவலாளி வெகுநேரம் பார்த்துவிட்டு அருகே வந்தான்.

"எப்ப டெலிவரி கொடுக்கறீங்க?" என்று கேட்டான்.

நோட்டைப் பார்த்துப் புது வரைபடம் போட்டு, ஆறு வாரம் உழைத்து, டாங்கியை முடித்தார். போட்டியன்று காலை ஆசையாக அதைப் புத்தகத்தின் முன்தோற்றத்தின்மேல் நிறுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டி வழிந்தது. டெய்லருக்கு உயிரே போய்விட்டது.

"அடியே, அகலம் என்ன எழுதின?"

"நூத்தி இருபது. நீங்க நூத்திப் பதினெட்டுன்னீங்க, நான் ரெண்டு இஞ்ச் லூஸ் விட்டேன். எப்பவும் விடறதுதானே? இறுக்கமா இருந்தா மூச்சு முட்டாதா?"

"டாங்கிக்கு ஏதுடி மூச்சு! வேற எதுக்காவது லூஸ் விட்டியா?"

"சேச்சே. லூஸ் அகலத்துக்கு மட்டும்தான்."

நிஜத்தில் இரண்டு இஞ்ச் என்றால் மாதிரியில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது முழு மீசை. இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. சட்டை பெரிதாகிவிட்டால் என்ன செய்வோம்? பிடித்துத் தைப்போம். டெய்லர் ரம்பத்தை எடுத்து டாங்கியை மூக்கிலிருந்து முதுகுவரை நடுவே பிளந்தார். ஒன்றரை மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். தழும்பின்மேல் சேற்று நிறம் பூசினார். இப்போது கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது.

மாடியில் சார்ஜெண்ட் அளவுக்கருவியை அகலத்தில் வைத்தார். "சரி" என்றார். உயரம்? "சரி." மருந்துக்கடைக்காரன் முகம் சுண்டிப்போயிற்று. டெய்லர் மீசையின் இரண்டு நுனிகளையும் நிதானமாக முறுக்கிவிட்டுக்கொண்டார்.

நீளத்தில் வைத்த கருவியை சார்ஜெண்ட் எடுக்கவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணரை மில்லிமீட்டர் கூடுதல்."

டெய்லர் மெல்லத் திரும்பி, வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"லூஸைத்தானே கேட்டீங்க?" என்றாள் அவள். "நீளத்துக்கு ரெண்டு இஞ்ச் மடிப்பு விட்டிருக்கேன். மடிப்பைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

சபை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. மச்சான் ரேசரின் உறையைப் பிரித்தான். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை டெய்லர். ஐந்தே நிமிஷத்தில் இருபத்திரண்டு வருஷ மீசை ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டிக் கிடந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மேலுதட்டில் காற்று பட்டு அவருக்கு என்னவோபோல இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது. மனைவியோ அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டு வந்தாள். நடுவழியில் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது, நின்றுவிட்டார்.

"ஏண்டி, அந்த மடிப்பு... நிஜமாவே பழக்கத்துல தெரியாம விட்டதுதானே?"

"என் நோட்டுல என்னிக்காவது தப்பு வந்திருக்கா?" என்று கேட்டாள் அவள்.

டெய்லர் வழக்கம்போல மீசையை முறுக்கக் கையைத் தூக்கினார். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.