இடுப்புத் துண்டு

தாவி நல்ல பெண். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மாலிஸ் தன் தையல் மிஷின் மேல் கவிழ்ந்து, அப்படியே சரிந்து தரையில் விழுந்ததும், ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தைல டப்பாவைத் திறந்துவிட்டாள். எங்கள் துணி ஆலையின் தையல் கூடத்தில் யார் மயங்கி விழுந்தாலும் முதல் வைத்தியம் அதுதான். சட்டையைத் தூக்கி, முதுகில் தைலம் தடவி, டப்பா மூடியின் விளிம்பால் சிவக்கச் சிவக்கச் சுரண்டினால் உள்ளே அடைபட்ட காற்று இறங்கிவிடும். தாவி வேலைக்கு வந்தே ஒரு வாரம்தான். மாலிஸின் சட்டையை மட்டும் தூக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அய்யோ, என்னக்கா இது?" என்றாள்.

மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை கட்டம்போட்ட துண்டு. அதன் இறுக்கத்தில் ஆறு மாத வயிறு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கீழ இறக்குடி. வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்" என்று நான் சட்டையை இழுத்து மூடினேன்.

எங்கள் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியை வேலையைவிட்டு நீக்க மாட்டார்கள், மகராசன்கள். ஒப்பந்தம் முடிந்தது, போய் வா என்பார்கள், அவ்வளவுதான். வரும் சனிக்கிழமை அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போன மாலிஸின் புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் அம்மா நியாரிக்குக் கண் மங்கியதால் மிஷினிலிருந்து எடுத்து, எங்கள் வரிசையின் கடைசியில் நூல் பிசிறு வெட்ட உட்கார்த்திவிட்டார்கள். அவளை வைத்திருப்பதே பெரிது. இதே கூடத்தில் நியாரி வயிற்றில் மாலிஸ் இருந்தபோது, கழிவறையில் சுற்றி நின்று மறைத்துக்கொண்டு அவளுக்குத் துண்டு கட்டிவிட்டோம். முடிச்சுப் போட்டது நான். இப்போது மகளுக்கும் நானே போடுகிறேன். துண்டுதான் புதுசு, மற்றதெல்லாம் அதேதான்.

காலையில் லாரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு வரும்போது மாலிஸ் என் காதில், "நேத்துலேர்ந்து அசையவே இல்ல சின்னம்மா" என்றாள். "இந்த வெக்கைக்கு அதுவும் தூங்கும்டி" என்றேன்.

"என்னடி அங்க கூட்டம்? மிஷின உங்கப்பனா வந்து ஓட்டுவான்?" மேற்பார்வை பார்க்கும் விச்செட் வந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் வரிசைக் கடைசியில் கத்தரி விழுந்த சத்தம் கேட்டது. நியாரி எழுந்து நின்றாள். கொண்டையைப் பிய்த்து அவிழ்த்தாள். அந்தத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு கிழவனின் குரல் வந்தது.

"என் மரத்த வெட்டிட்டு எவன்டா இங்க கூடம் கட்டுனது? என் பிள்ளைங்கள எதுக்குடா வேக வைக்கிற? தண்ணி குடுறா!"

விச்செட் அப்படியே நின்றான். முதலாளிக்குப் பயப்படாதவன்கூட இந்த இடத்துத் தாத்தா சாமிக்குப் பயப்படுவான். வாசலில் அவருக்குச் சின்னக் கோயில் இருக்கிறது. இதற்கு முன்பும் இங்கே இரண்டு மூன்று பெண்கள் மேல் அவர் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். விச்செட்டின் கைகள் தாமாகக் குவிந்தன. "தாத்தா, தெரியாம செஞ்சிட்டோம் தாத்தா" என்று முனகினான்.

முடிக்கு நடுவிலிருந்து நியாரி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சாமி அப்படிப் பார்க்காது. தாத்தா பேரில் பொய் சொன்னால் அவர் வம்சத்தைப் பிடிப்பார் என்பது எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே உள்ள பயம். அவளுடைய வம்சம் என் காலடியில் கிடந்தது.

சட்டென்று தாவி விழுந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நடிக்கத் தெரியாமல், தொப்பென்று. அடுத்த மிஷின்காரி விழுந்தாள். பிறகு எதிர் வரிசை. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்குக் கீழே பாதிப் பேர் ஏற்கனவே மயங்கும் நிலையில்தான் இருந்தோம், அதனால் எது நடிப்பு எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"எவ மொதல்ல விழுந்தா? சொல்லுங்கடி, எவ மொதல்ல?" விச்செட் கூவிக்கொண்டு ஓடினான்.

நானும் மாலிஸ்மேல் சரிந்து, என் முதுகால் அவளை மறைத்தேன். சட்டைக்குள் கைவிட்டு முடிச்சைத் தேடினேன். வேர்வையில் நனைந்து இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். என் கழுத்தில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினால் இன்றைக்குத் திரும்பக் கட்ட முடியாது. சனிக்கிழமையை நினைத்தேன். மாலிஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. வெட்டினேன்.

வயிறு விடுபட்டு முன்னால் வந்தது. அவள் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்: "அசையுதா சின்னம்மா?"

ஆலை நர்ஸ் வந்துவிட்டாள். வரிசையின் அந்த முனையிலிருந்து ஒவ்வொருத்தியாகக் குனிந்து, சட்டையைத் தூக்கி, முதுகைச் சுரண்டிக்கொண்டு வருகிறாள். நியாரியின் தொண்டை கிழிந்துவிட்டது, அப்படியும் தண்ணி தண்ணி என்கிறாள். கிழவனின் குரல் போய் இப்போது அவள் குரல்தான் கேட்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு, துண்டின் வரிகள் பதிந்து கிடக்கும் அந்த வயிற்றில் உள்ளங்கையை வைத்தபடி, அசையாமல் படுத்திருக்கிறேன்.