ஓரத்துணி

வரிச் சலுகை பறிபோய், சட்டைக் கம்பெனியை மூடப்போகிற செய்தி வந்தபோது வெட்டும் கூடத்தில் யாரும் அழவில்லை. அடிக்க ஆள் தேடினார்கள்.

சலுகை என்பது வேறொன்றுமில்லை. ஏழை நாட்டில் நெய்த துணியில் அங்கேயே தைத்த சட்டை என்றால், பணக்கார நாடு இறக்குமதி வரி போடாது. அந்தப் புண்ணியத்தில்தான் கம்பெனி ஓடியது. முதலாளிக்கு அதுவும் போதவில்லை. பக்கத்து நாட்டிலிருந்து மலிவாகத் துணியை இறக்கி, உள்ளூரில் நெய்தது என்று கூசாமல் சத்தியம் செய்துகொண்டிருந்தார். துணியின் ஓரத்தில் அந்நிய மில்லின் பெயர் நெய்திருக்கும். அந்த ஓரத்தைக் கிழித்து எரித்துவிட வேண்டும் என்பது உத்தரவு.

வெட்டும் மேஸ்திரிக்கு நல்ல துணியை எரிக்க மனசு வராது. ஓரப்பட்டை சணலைவிட உறுதி. வெட்டிய துண்டுகளை அதை வைத்தே கட்டுவார். சோதனைக்கு வந்த வெளிநாட்டு அதிகாரி, போகிற போக்கில் அவர் மேசையில் ஒரு கட்டை அவிழ்த்து, பட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தது மேஸ்திரி ஒருவர்தான். அந்த ஒரு பட்டைதான் சலுகைக்கு எமனாயிற்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாட்டியது அவருடைய தங்கை புருஷன். அவருக்குக் கீழேயே, கையில் பிடித்துத் துணி வெட்டும் மெஷின் ஓட்டுபவன். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் ‘வக்கீல்’ என்று பெயர். அவன் அதிகாரியோடு பேசியதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

“காட்டிக் குடுத்தது நீதானடா?” என்று இஸ்திரிக்காரன் அவன் சட்டையைப் பிடித்தான்.

“கக்கூஸ் எங்கன்னு கேட்டாரு, அண்ணே...”

மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. இஸ்திரிக்காரன் விட்ட குத்தில் பல் தெறித்தது. விழுந்தவனை ஆளாளுக்கு மிதித்தார்கள். வேலை போன கோபத்தை முதலாளி மேல் காட்ட முடியுமா? கையெட்டிய தூரத்தில் இவன்தான் கிடந்தான். விலா எலும்பு உடைந்தது எல்லோருக்கும் கேட்டது.

மேஸ்திரி தூணோடு தூணாக நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். த்தூ, இவரெல்லாம் ஒரு பெரிய மனுஷர்!

வக்கீலை இழுத்துப்போய் அவன் வலது கையை மேசையில் விரித்து அமுக்கினார்கள்.

“மேஸ்திரி, மெஷினப் போடுங்க. சொந்தம்னு பாக்காதீங்க. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் இவன்.”

அப்போதுதான் அவருக்கு வாய் திறந்தது.

“அவன விடுங்கடா! பட்டைய எரிக்காம வச்சிருந்தது நான். அத வச்சுக் கட்டுனதும் நான். அந்த ஆளு எடுத்துட்டுப் போனது என் மேசையில இருந்துதான்.”

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அந்நிய மில்லின் பெயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு கட்டுகள் வரிசையாக இருந்தன. அடுத்த நொடி விழுந்த அறையில் மேஸ்திரிக்குக் காது அடைத்தது. அவர் கையைப் பிடித்து மேசையில் அழுத்தினார்கள்.

“மெஷின வக்கீல்கிட்ட குடு. பட்டவன் அவன்தான்.”

வக்கீல் மேசையைப் பிடித்து எழுந்தான். உதட்டிலிருந்து ரத்தம் ஒழுகியது.

“எப்போ தெரியும் மச்சான்?”

“அந்த ஆளு எடுத்தப்பவே.”

“என் மேல மொத அடி விழறதுக்கு முன்னாடியே?”

மேஸ்திரி ஆமாம் என்று தலையை ஆட்டினார். வக்கீலின் கையில் மெஷின் இரைந்தது. பிடித்திருந்தவர்கள் கத்திக்குப் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி தன் கையை எடுக்கவில்லை.

ஆள்காட்டி விரல் துணித் துண்டுகளுக்கு நடுவே விழுந்தது.

ரத்தம் பீறிட்டதும் கூட்டம் கலைந்தது. வீரமெல்லாம் அவ்வளவுதான். வக்கீல் மெஷினைக் கீழே போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி மேஸ்திரியின் கையைச் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதறினான்.

“பாவி, ஏன்யா வாயைத் தொறக்கல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“பயமா இருந்துச்சு மாப்ள” என்றார் மேஸ்திரி.